சதகுப்பை போடாத ரசம்

கடைசியாக அவர்கள் இருவரும் சேர்ந்து வாங்கியது ஒரு பொட்டலம் சதகுப்பை.

ஆடிக்காற்று தொடங்கியிருந்தது. பூவரசனும் ஜோதியும் ஜீயபுரத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி, வாழையிலைக் கட்டுகளைக் காந்தி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, பெரிய கடை வீதிக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காலை வெயில் இன்னும் தெருவுக்குள் இறங்கவில்லை. அப்துல் மாலிக் பாய் அப்போதுதான் தன் நாட்டு மருந்துக் கடையின் பலகைகளை எடுத்து வைத்துவிட்டுத் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சதகுப்பை இருக்குங்களா பாய்?"

"இல்லாம என்னம்மா. உங்களுக்குன்னே சாக்கு பிரிச்சு வச்சிருக்கேன்."

"பிரிச்ச சாக்கு யாருக்கு வேணும். கொஞ்சம் கையில போடுங்க."

அவர் போட்டார். ஜோதி அந்தத் தட்டையான விதைகளை உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் தேய்த்து முகர்ந்தாள். பார்க்கச் சோம்புக்குத் தம்பி மாதிரி இருக்கும். பழுப்பு நிறம், ஓரத்தில் வெளுத்த விளிம்பு. வாசனைதான் வேறு. சோம்பின் இனிப்பும் ஓமத்தின் காரமும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டு நிற்பது போல் இருக்கும். தேய்த்ததும் அது மூக்கில் ஏறவேண்டும். ஏறவில்லை.

"இது போன வருசத்துது."

பாய் சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறு பையிலிருந்து அள்ளி வந்தார். அதை முகர்ந்துவிட்டு அவள் தலையாட்டியதும் பூவரசனைப் பார்த்துச் சொன்னார்: "ஏன் தம்பி, பொண்ணு பாக்கப் போனப்ப உங்களையும் இப்படித்தான் தேச்சுப் பாத்தாங்களா?"

"தேச்சுப் பாத்திருந்தா எனக்குக் கல்யாணம் நடந்திருக்குமா பாய்?"

"இப்ப மட்டும் என்ன, தேய்க்காமயா விட்டாங்க," என்றார் பாய். பொட்டலத்தை மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் அறுத்து, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சத்திரம் பக்கம் டீ குடித்தார்கள். முன்பெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்தால் பூவரசன் மத்தியானத்துக்கு முன் வீடு திரும்பியதில்லை. சமயபுரத்தில் துண்டை இடுப்பில் கட்டி நின்று, இனி குடியைத் தொடமாட்டேன் என்று ஆத்தாளிடம் சொல்லிவிட்டு வந்தபிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. அதற்கு மூன்று வருடம் ஆகப்போகிறது.

"சீக்கிரம் வறுத்துடு," என்றான் டீ கிளாஸை வைத்துவிட்டு. "நாலு நாளா ரசம் மொட்டையா இருக்கு. எனக்கே இப்பத்தான் நாக்கு ருசி பழகுது."

"காலையில வறுக்குறேன். ராத்திரிக்கு மோர்க்குழம்பு இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைச் சமையற்கட்டு ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் காலை மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் போடப் போன பூவரசன், ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்தபடியே செத்துப்போனான்.

* * *

அந்த வீட்டில் இரண்டு குடும்பம், ஒரே அடுப்பு. பூவரசனின் அண்ணன் ரெங்கராஜும் அவர் மனைவி பாப்பாயியும் முன்கட்டில். தம்பி, ஜோதி, அவர்கள் மகள் அனுசுயா பின்கட்டில். ரெங்கராஜுக்குப் பிள்ளை இல்லை. பாப்பாயிக்குக் கை மூட்டெல்லாம் வீங்கியிருந்ததால் அம்மி, உரல், அடுப்பு எல்லாம் ஜோதியின் பொறுப்பு. போதாக்குறைக்குக் கொரோனா வந்து போனதிலிருந்து பாப்பாயிக்கு மூக்கு செத்துவிட்டது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான்.

பூவரசனை வாசலில் கிடத்தியிருந்தபோது கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்: "ஈரக் கையோட தொட்டுட்டானா? குடிச்சிருந்தானோ?"

ரெங்கராஜ் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "ஆமா," என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஒரு காலத்தில் குடித்தவன்தானே. ஊருக்கு அதை நம்ப ஒரு சிரமமும் இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி என்று உடம்பைக் கூறு போட விடவேண்டாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அன்று மாலையே காவிரிக் கரையில் எரித்துவிட்டார்கள். ஜோதி அப்போது எதையும் கேட்கும் நிலையில் இல்லை. கேட்டிருந்தாலும், கணவனை அறுத்துப் பார்க்கச் சொல்கிறவளா என்றுதான் ஊர் பேசியிருக்கும்.

காரியம் முடிந்தபிறகு ஒருநாள் காலையில் அவள் இலை அறுக்கத் தோட்டத்துக்குள் போனாள். காற்றுக்குச் சாய்ந்த பூவன் வாழை ஒன்றுக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்திருந்தது. எல்லா மரத்துக்கும் வாழைநாரால் கட்டியிருக்க, இது ஒன்றுக்கு மட்டும் கம்பி. தடித்த, வெள்ளைத் துரு பிடித்த இரும்புக் கம்பி. அந்தக் கம்பியை அவளுக்குத் தெரியும். மோட்டார் கொட்டகைச் சுவரோரமாக ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து இறங்கி, கசியும் கரண்டை மண்ணுக்குள் விடும் எர்த்துக் கம்பி. அதில்தான் பூவரசன் சட்டையைக் கழற்றிப் போடுவான். அவள் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தாள். மண்ணிலிருந்து ஒரு சாண் கம்பி மட்டும் புல்லைப்போல் நீட்டிக்கொண்டு நின்றது.

அவளுக்கு நினைவு வந்தது. அவர்கள் மார்க்கெட் போயிருந்த அன்று பகலில் காற்று பேயாய் அடித்திருந்தது. ரெங்கராஜ்தான் தோட்டத்தில் இருந்தார்.

வீட்டுக்கு வந்து அவரிடமே கேட்டாள். "மாமா, மோட்டார் கொட்டகைக் கம்பி வாழையில கெடக்கு."

சாய்வு நாற்காலியில் இருந்தவர் நிமிரவில்லை. "எந்தக் கம்பி?"

"எர்த்துக் கம்பி."

"அதெல்லாம் பழைய கம்பியா இருக்கும். போய் வேலயப் பாரும்மா."

சாயங்காலம் அவள் மறுபடி போனபோது அந்த மரத்துக்கும் வாழைநார்க் கட்டு வந்திருந்தது. கம்பியைக் காணவில்லை.

குலையைக் காப்பாற்றக் கையில் கிடைத்ததை அறுத்தது அவசரம், திரும்ப மாட்டாதது மறதி. அதை அவள் மன்னித்தாலும் மன்னித்திருப்பாள். அந்த "ஆமா"வை மன்னிக்க முடியவில்லை. ஸ்கூலிலிருந்து வந்த அனுசுயா புத்தகப் பையைக்கூட இறக்காமல் ஒருநாள், "அப்பா அன்னைக்குக் குடிச்சிருந்தாங்களாம்மா? நிசமாச் சொல்லு," என்று கேட்டாள். மகளே கேட்டுவிட்டாள். ஜோதி இல்லையென்று சொன்னாள். பெண் தலையை ஆட்டினாள். நம்பியவள் ஆட்டிய மாதிரி இல்லை அது.

பச்சைமலையிலிருந்து அவள் அண்ணன் பிச்சமுத்து வந்தார்.

"கெளம்பு ஜோதி. புள்ளைய துறையூர்ல சேத்துக்கலாம். இங்க என்ன இருக்கு ஒனக்கு?"

"வேலை இருக்குண்ணே."

"என்ன வேலை?"

"சமையல்."

அவர் அவளையே பார்த்தார். தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்திருக்கவேண்டும். மத்தியானச் சாப்பாட்டில் ரசம் ஊற்றியபோது ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஒன் ரசம் மாதிரி இல்லியே," என்றார்.

"இனிமே இப்படித்தான்," என்றாள் ஜோதி.

* * *

ரெங்கராஜுக்கு வாயுத் தொல்லை. எது சாப்பிட்டாலும் வயிறு மத்தளமாகிவிடும். அவருக்கு மருந்து, விருந்து எல்லாமே ரசம்தான். சதகுப்பையை வெறும் சட்டியில் வாசம் கிளம்பும் வரை வறுத்து, மிளகு, சீரகம், பூண்டோடு ஒன்றிரண்டாக இடித்து, நுரை கூடும்போது போட்டு இறக்கினால் அந்த வாசம் வாசல் வரைக்கும் போகும். ரெங்கராஜ் இலையில் ஊற்றச் சொல்லமாட்டார். இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடிப்பார். குடித்து முடித்து ஒரு ஏப்பம் விடுவார். பிறகுதான் அவருக்குப் பேச்சே வரும்.

ஜோதி அதில் ஒன்றே ஒன்றை விட்டாள். புளி, மிளகு, பருப்புத் தண்ணீர், தாளிப்பு, கொத்துமல்லி எல்லாம் முன்போலவே. சதகுப்பை மட்டும் இல்லை.

முதலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் ரசம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது. ஆடி போய் ஆவணி வந்ததும் வாய் திறந்தார்.

"ஏம்மா ஜோதி, ரசத்துல என்னமோ குறையுது."

"புளி பழசு மாமா."

புதுப்புளி வாங்கி வந்தார். அப்புறமும் குறைந்தது.

"மிளகுதான் சரியில்லாம இருக்குமோ?"

"இருக்கும் மாமா."

மலை மிளகு வந்தது. பிறகு கேஸ் அடுப்பின் மேல் சந்தேகம் வந்து விறகு பிளந்து போட்டார். அவள் விறகில் வைத்தாள். பிறகு தண்ணீர். பைப்புத் தண்ணீரில் மருந்து கலக்கிறான்கள் என்று சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு ஆற்றோரப் பம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். அவர் சொன்ன எதற்கும் ஜோதி மறுப்புச் சொல்லவில்லை. அவர் கேட்டபடியே எல்லாம் செய்தாள். ஈயச்சொம்பில்கூட ஒருமுறை வைத்துக் கொடுத்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்துவார். ஒரு மடக்குப் போனதும் முகம் விழுந்துவிடும். மிச்சத்தைச் சோற்றில் விட்டுக்கொள்வார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் தினமும் பொழுது விடிந்ததும் எழுந்தாள்.

"ஒனக்கு என்னடி தெரியுது?" என்று பாப்பாயியைக் கேட்பார்.

"எனக்கு என்ன தெரியும். சூடா இருக்கு, புளிப்பா இருக்கு. ரசம்னா வேற என்ன செய்யும், எந்திரிச்சு ஆடுமா?"

"எங்கம்மா கைப்பக்குவம் இவளுக்கு அப்படியே வந்துச்சு. இப்ப எங்க போச்சுன்னு தெரியல."

"புருசன் போனா கைப்பக்குவமும் போகும்," என்றாள் பாப்பாயி. "நீங்க போனீங்கன்னா எனக்குப் போறதுக்குக் கைகூட இல்ல."

அவர் உடம்பு இளைத்தது. சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்டாடி வாசலில் நடந்தார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்தார். ஏப்பம் வந்தது. ருசி வரவில்லை.

மாசியில் ஒருநாள் அனுசுயா வயிற்றுவலி என்று ஸ்கூல் போகாமல் சுருண்டு கிடந்தாள். ஆணியில் தொங்கிய பொட்டலத்தை ஜோதி தொடவில்லை. மார்க்கெட் போனபோது பாயிடம் தனியாகக் கொஞ்சம் வாங்கி அரிசிப்பானைக்குள் வைத்திருந்தாள். அதை எடுத்துக் கொல்லையில் மூன்று கல் கூட்டி, வறுத்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சினாள். வாசம் காற்றோடு வீட்டைச் சுற்றிவந்துவிட்டது.

ரெங்கராஜ் கொல்லை வாசலில் வந்து நின்றார். ஓடிவந்தவர் போல மூச்சு வாங்கியது.

"என்னம்மா அது? என்ன காய்ச்சுற?"

"அனுசுயாவுக்கு மாமா."

"அதில்ல. அந்த வாசன. அது என்ன?"

ஜோதி கரண்டியால் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "பொம்பளப் புள்ளைங்களுக்கு மாசாமாசம் குடுக்குற மருந்து மாமா. சொல்லவா?"

அவர் காது சிவந்து திரும்பிப் போனார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கொல்லைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, அந்த வாசம் தீரும் வரை இருந்தார். அதற்குப் பிறகு அவரால் யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. பெண்கள் மருந்தின் வாசம் ரசத்தில் வந்தது என்று எந்த ஆம்பிளை போய் எந்தக் கடையில் சொல்வான்?

* * *

தலைத் திவசம் ஆடியில் வந்தது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரி நுங்கும் நுரையுமாகப் படி ஏறி ஓடியது. பூவரசனுக்கு மகன் இல்லாததால் ரெங்கராஜ்தான் ஈர வேட்டியோடு தர்ப்பையைப் பிடித்து உட்கார்ந்தார்.

"இறந்தவர் உமக்கு என்ன உறவு?" என்றார் மந்திரம் சொல்ல வந்தவர்.

"தம்பிங்க. பூவரசன்."

"சின்ன வயசா? என்னாச்சு?"

ரெங்கராஜ் ஆற்றைப் பார்த்தார். "கரண்டுங்க," என்றார்.

பின்னால் நின்ற ஜோதி அதைக் கேட்டாள். ஒரு வருடமாக யார் கேட்டாலும் அந்த "ஆமா"விலேயே நின்றவர், காவிரியில் கால் நனைந்திருக்கும்போது குடியைப் பற்றிச் சொல்லவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது பாதி எள்ளை அவர் வேட்டியிலேயே சிந்தினார். பழம் கனிந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் படையல் முடிந்து பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்தார்கள். குடும்பத்தில் மூத்தவரான சித்தப்பா ரங்கசாமி முதல் இலை, அடுத்தது ரெங்கராஜ். அந்த வீட்டில் திவசப் பந்திக்கு ஒரு முறை உண்டு. காரியம் செய்தவர் மோர்ச்சோறு சாப்பிட்டு இலையை மூடும் வரை வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது. மோர் விடாமல் எழுந்தால் செத்தவருக்கு வயிறு ஆறாது என்பார்கள்.

வாழைக்காய், அவரைக்காய், பாகற்காய், சாம்பார் எல்லாம் போயிற்று. ஜோதி ரசவாளியோடு வந்தாள். ரெங்கராஜ் வழக்கம்போல இரண்டு கையையும் ஏந்தினார். ஒரு மடக்கு. அன்றைக்கு அவரால் அடக்க முடியவில்லை.

"இன்னைக்காவது நல்லா வச்சிருக்கக் கூடாதாம்மா? அவன் நாளு இது. அவனுக்கும் இதுதானே புடிக்கும்?" சித்தப்பா பக்கம் திரும்பினார். "பெரியவங்க இருக்காங்க, கேக்குறேன். ஒரு வருசமா இதுல எதையோ விடுற. எத விடுற, சொல்லு."

ஜோதி வாளியைக் கீழே வைத்தாள்.

"ஆமா மாமா. விடுறேன். தெரிஞ்சேதான் விடுறேன்."

"பாத்தியா, பாத்தியா, நான் அப்பவே சொல்லல?" என்றாள் பாப்பாயி சமையற்கட்டு நிலையிலிருந்து. அவள் எதுவும் சொன்னதில்லை.

"நான் விட்டத நான் சொல்றேன்," என்றாள் ஜோதி. "நீங்க விட்டத நீங்க மொதல்ல சொல்லுங்க."

"நான் எத விட்டேன்?"

அவள் உள்ளே போய் மோர்ப் பானையை எடுத்து வந்து, பந்தியின் தலைமாட்டில் வைத்து, அதன் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரசச்சோறு தீர்ந்தது. கைகள் காய ஆரம்பித்தன. ஒருவர் இருமினார். ஒருவர் இலையில் ஒட்டியிருந்த பருக்கையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எழுந்திருக்க யாருக்கும் வழியில்லை.

"மோர ஊத்தும்மா," என்றார் ஒரு பங்காளி. "பஸ்ஸுக்குப் போகணும்."

"மாமா சொல்லட்டுங்க. ஊத்துறேன்."

ரங்கசாமி காய்ந்த கையை இலையின்மேல் தூக்கிப் பிடித்தபடி ரெங்கராஜ் பக்கம் திரும்பினார். "என்னடா விட்டே? சொல்லித் தொலையேன். சர்க்கரைக்காரன், எனக்கு ரொம்ப நேரம் உக்கார முடியாது."

ரெங்கராஜ் இலையையே பார்த்தார். தண்ணீர்ச் சொம்போடு நின்ற அனுசுயாவை ஒருமுறை பார்த்தார்.

"எர்த்துக் கம்பி," என்றார்.

"என்னது?"

"மோட்டார் எர்த்துக் கம்பி. நான்தான் அறுத்தேன் சித்தப்பா. காத்துல பூவன் சாஞ்சுருச்சு. நார் கைக்கு எட்டல. அறுத்துக் கட்டுனேன். சாயங்காலம் மாட்டிடலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்."

ரங்கசாமி தூக்கிப் பிடித்திருந்த கையை இறக்கினார்.

"இன்னும் இருக்கு மாமா," என்றாள் ஜோதி.

"அவன் குடிக்கல." ரெங்கராஜ் காய்ந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டார். "குடிக்கல. காலையில என் முன்னாடிதான் பல்லு வெளக்கிட்டுப் போனான்."

"அப்புறம் ஏன்டா அப்படிச் சொன்னே?" என்றார் ரங்கசாமி. "ஊரே அதத்தானடா சொல்லுது. நானும்தான் சொன்னேன்."

"நானாச் சொல்லல. குடிச்சிருந்தானான்னு யாரோ கேட்டாங்க. ஆமான்னுட்டேன். ஒரு வார்த்த. அப்புறம் அதத் திருப்பி எடுக்க முடியல."

அனுசுயாவின் கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் தரையில் ஓடியது. அவள் அதைத் துடைக்கவில்லை. பெரியப்பாவைப் பார்க்கவுமில்லை. அம்மாவைப் பார்த்தாள். இந்தத் தடவை அந்தப் பார்வையில் கேள்வி இல்லை.

ஜோதி எழுந்தாள். பானையைத் தூக்கி, முதல் இலையிலிருந்து வரிசையாக மோர் ஊற்றினாள். ரெங்கராஜ் இலைக்கு வந்ததும் அவருக்கும் நிறையவே ஊற்றினாள்.

"சதகுப்பை," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "என்ன?"

"ரசத்துல விட்டது. சதகுப்பை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்களுது ஒரு வார்த்த. என்னுது ஒரு சிட்டிக."

* * *

மறுநாளே ரெங்கராஜ் பெரிய கடை வீதிக்குப் போய் ஒரு பெரிய பொட்டலம் வாங்கி வந்து சமையற்கட்டில் வைத்தார். ஊரில் விஷயம் பரவிவிட்டது. டீக்கடையில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. அதை அவர் பொறுத்துக்கொண்டார். கையை ஏந்தி உட்கார்ந்தார்.

ஒரு மடக்குக் குடித்தவர் ஜோதியைப் பார்த்தார்.

"நான்தான் சொல்லிட்டேனேம்மா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே."

"சொன்னீங்க மாமா. நானும் சொல்லிட்டேன்ல?"

"அப்ப இதுல..."

"ஒரு வருசமா என்ன இல்லன்னு தெரியாமக் குடிச்சீங்க," என்றாள் ஜோதி. "இனிமே தெரிஞ்சு குடிங்க."

பாப்பாயி ஒருநாள் தானே வறுக்கிறேன் என்று வீங்கிய கையால் சட்டியைப் போட்டாள். கருகியது அவள் மூக்குக்குத் தெரியவில்லை. அன்றைய ரசம் வேப்பெண்ணெய் மாதிரி இருந்தது. ரெங்கராஜ் அதையும் குடித்துவிட்டு, பொட்டலத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். அங்கே புதிதாய்ப் பிள்ளை பெற்றவள் இருந்தாள். மத்தியானங்களில் அந்த வீட்டிலிருந்து வாசம் வரும். அவர் நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

அனுசுயா இப்போது திருச்சியில் காலேஜ் போகிறாள். ஜோதி ஜீயபுரத்தில்தான் இருக்கிறாள். அந்த வீட்டில் தினமும் ரசம் உண்டு. ரெங்கராஜ் கையை ஏந்துவதை விட்டுவிட்டார். டம்ளரில் ஊற்றச் சொல்கிறார்.

சமையற்கட்டு ஆணியில் அந்தப் பழைய பொட்டலம் தொங்குகிறது. காகிதம் எண்ணெய்ப் புகையில் கறுத்துவிட்டது. மாலிக் பாய் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது.